ஷஹீத் திப்பு சுல்தான்: கடல் கடந்த படையும் காலடி மண்ணும்

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வருகின்றவர்கள் தொப்பூர் கணவாயைக் கடந்தே வர வேண்டும். இரு மருங்கும் குன்றுகள் நெருங்கி நிற்கும் அவ்வழியில் இன்று இரவும் பகலும் லாரிகள் ஓயாது ஓடுகின்றன. 1790ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இதே கணவாய் வழியாக ஒரு பெரும்படை தெற்கு நோக்கி இறங்கிச் சென்றது. அதை நடத்திச் சென்றவர் மைசூர் மன்னர் ஷஹீத் திப்பு சுல்தான் (ரஹ்) அவர்கள். ஆங்கிலேயத் தளபதி மெடோஸின் படை அவரைத் தொடர்ந்து வந்தது.

கணவாயைக் கடந்த சுல்தான் திருச்சிராப்பள்ளிப் பக்கம் சென்று, பின்னர் வடக்கே திரும்பி, திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரிக்கு அருகே வந்து பாளையம் இறங்கினார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் நகரம். பிரெஞ்சு மன்னர் 6000 வீரர்களை அனுப்பி வைத்தால் அவர்களுக்குரிய செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக அங்கிருந்து அவர் தூது விடுத்தார். அத்தூது கடலைக் கடந்து சென்று மறுமொழி வருவதற்குப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வேலூரிலிருந்து புறப்பட்டு, மைசூரின் மேட்டு நிலத்தில் ஏறி, 1791 மார்ச் 21ஆம் நாள் பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றிவிட்டார்.

இந்நிகழ்ச்சியை முன்வைத்து அறிஞர்களிடையே நெடுங்காலமாக ஒரு விவாதம் உண்டு. வல்லரசு ஒன்றை எதிர்க்கத் துணிந்தவன் மற்றொரு வல்லரசின் படையுதவியை நாடுவது விவேகமே என்பது ஒரு சாரார் வாதம். அந்நியப் படையை எதிர்நோக்கிய காலத்தையும் பொருளையும் சொந்த நாட்டின் குறைகளைத் தீர்ப்பதில் செலவிட்டிருந்தால் வரலாறே மாறியிருக்கும் என்பது மறு சாரார் வாதம். சுல்தான் அவர்களின் வாழ்க்கையை முழுவதுமாகப் பார்த்தால் இவ்விரண்டிலும் உண்மை எந்த அளவுக்கு உள்ளது என்பது விளங்கும்.

பிறப்பும் பயிற்சியும்

பெங்களூருக்கு வடக்கேயுள்ள தேவனஹள்ளியில் 1750ஆம் ஆண்டு திப்பு பிறந்தார். தந்தையார் ஹைதர் அலி. அன்னையார் ஃபாத்திமா ஃபக்ருன்னிஸா. ஆர்க்காட்டில் அடங்கியிருக்கும் இறைநேசர் திப்பு மஸ்தான் அவுலியா அவர்களின் நினைவாகவே குழந்தைக்கு அப்பெயர் சூட்டப்பட்டது என்பர். ஆக, மைசூர் மன்னரின் பெயரே தமிழ் மண்ணிலிருந்து சென்றதாகும்.

ஹைதர் அலி எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் தம் மகனுக்குத் தக்க ஆசிரியர்களை நியமித்து அரபி, பார்ஸி, உருது, கன்னடம் ஆகிய மொழிகளையும் போர்க்கலையையும் கற்பித்தார். 1780 செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைத் திப்பு முறியடித்தபோது அவருக்கு வயது முப்பது கூட நிறையவில்லை. இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத பெருந்தோல்வியாக அது அமைந்தது. மைசூர் வீரர்கள் ஏவிய இரும்புக்குழாய் ராக்கெட்டுகள் அன்று எதிரிகளைத் திகைக்க வைத்தன. பின்னாளில் இங்கிலாந்தில் ராக்கெட் தொழில் வளர்வதற்கு அவையே தூண்டுகோலாயின.

மங்களூரில் கற்ற பாடம்

1782 டிசம்பர் 7ஆம் நாள் ஹைதர் அலி வஃபாத்தானார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே திப்பு அரியணை ஏறினார். அப்போது பிரெஞ்சுக்காரர்கள் மைசூரின் நேச சக்தியாக இருந்தார்கள். அட்மிரல் சஃப்ரனின் கப்பற்படை வங்கக் கடலில் ஆங்கிலேயரோடு மோதிக்கொண்டிருந்தது. தளபதி புஸ்ஸி கடலூரில் வந்து இறங்கியிருந்தார். பிரெஞ்சு வீரர்களின் ஓர் அணி மங்களூர் முற்றுகையில் சுல்தானோடு தோள் கொடுத்து நின்றது.

1783ஆம் ஆண்டின் நடுவில் ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டன என்பதே அது. செய்தி கிடைத்ததும் பிரெஞ்சு அணி முற்றுகையை விட்டு விலகிக்கொண்டது. சுல்தான் தனித்து நின்றார், ஆனால் தளரவில்லை. சொந்த வீரர்களைக் கொண்டே முற்றுகையைத் தொடர்ந்து கோட்டையைப் பணிய வைத்தார். 1784 மார்ச் 11ஆம் நாள் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கை ஆங்கிலேயருக்குத் தலைகுனிவாகவே முடிந்தது.

அந்நிய நாட்டின் படை அந்நாட்டு அரசின் கட்டளைக்கே கட்டுப்பட்டது. நம் தேவை தீரும் வரை அது நில்லாது. இப்பாடத்தை மங்களூர் அவருக்குக் கற்றுத் தந்தது. எனினும் பின்வந்த ஆண்டுகளில் அவர் மீண்டும் மீண்டும் கடலுக்கு அப்பாலேயே நோக்கினார்.

நாட்டுக்குள் செய்த பணிகள்

சுல்தான் அவர்கள் உள்நாட்டை அடியோடு மறந்தவர் என்று கூறுவது பெரும் அநீதியாகும். வரிவசூல் பற்றி அவர் பிறப்பித்த ஒழுங்குமுறைகள் 1792இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுக் கல்கத்தாவில் அச்சாயின. ஆண்டுத் தொடக்கத்தில் ஆமில்தார் ஊர் ஊராகச் சென்று உழவர்களை ஊக்குவிக்க வேண்டும். ஏர் வாங்க இயலாத ஏழைக்கு அரசே முன்பணம் கொடுக்க வேண்டும். குற்றம் செய்தவனிடம் பணத்தைத் தண்டமாக வாங்காமல் அவனை மரக்கன்று நட்டு வளர்க்கச் செய்ய வேண்டும் என்றெல்லாம் அவற்றில் விதிகள் உள்ளன.

வங்காளத்திலிருந்தும் மஸ்கத்திலிருந்தும் பட்டுப்புழுக்களைத் தருவித்து 21 இடங்களில் பட்டு வளர்ப்பைத் தொடங்க ஏற்பாடு செய்தவரும் அவரே. இன்று தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடைகளைச் சுமந்து வரும் உழவர்களில் பலர் இத்தொழிலின் மூலத்தை அறிந்திருக்க மாட்டார்கள். 1791இல் மராட்டியக் குதிரைப்படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, மடத்தலைவருக்கு ஆறுதல் மடல் எழுதி, மடத்தைச் சீர்ப்படுத்தப் பொருளும் அனுப்பினார். அம்மடல்கள் இருபதாம் நூற்றாண்டில் கிடைத்து உலகறிந்தன.

இஸ்தான்புல்லுக்கும் பாரிஸுக்கும்

இத்தகைய மன்னர் ஏன் அந்நிய உதவியை நாடினார்? அன்றைய உலக நிலவரத்தைப் பார்த்தால் அவரைக் குறை கூறத் தோன்றாது. அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் ஆங்கிலேயரை எதிர்த்து நடத்திய போரில், பிரெஞ்சுப் படையும் கப்பல்களும் துணை நின்றதாலேயே 1781இல் யார்க்டவுனில் வெற்றி கிட்டியது. அமெரிக்கருக்குக் கிடைத்த உதவி தமக்கும் கிடைக்கலாம் என்று ஒரு மன்னர் எண்ணியதில் வியப்பில்லை. ஆங்கிலேயரும் கடல் கடந்து வந்து கடல்வழியே ஆளும் ஆயுதமும் பெற்றவர்கள் தாமே!

முதல் தூது துருக்கிக்குச் சென்றது. 1786 மார்ச்சில் நான்கு கப்பல்களில் சுமார் 900 பேர் புறப்பட்டனர். உதுமானிய கலீஃபாவான முதலாம் அப்துல் ஹமீதிடமிருந்து அரசுரிமைக்கு அங்கீகாரமும், வணிகத்துக்குத் துறைமுகமும், ஆங்கிலேயருக்கு எதிரான ஆதரவும் பெறுவது அவர்களின் நோக்கம். வழியில் கப்பல்கள் அழிந்தன. பயணிகளில் பெரும்பாலோர் கொள்ளைநோய்க்கும் பிற துன்பங்களுக்கும் பலியானார்கள். கலீஃபா தூதர்களை மரியாதையோடு வரவேற்றார்; பட்டங்கள் அளிக்க இசைந்தார்; ஆனால் படை தரவில்லை. 1787இல் ரஷ்யாவோடு போர் மூண்டிருந்தது. தம் எல்லையையே காக்கப் போராடிக்கொண்டிருந்தவர் மைசூருக்கு எங்கிருந்து படை அனுப்புவார்? நான்காண்டுகள் கழித்துத் தாயகம் திரும்பியவர்கள் மிகச் சிலரே.

இரண்டாம் தூது 1787 ஜூலையில் புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குச் சென்றது. முஹம்மத் தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முஹம்மத் உஸ்மான் கான் ஆகிய மூவரையும் 1788 ஆகஸ்ட் 10ஆம் நாள் வெர்சேல்ஸ் மாளிகையில் பதினாறாம் லூயி மன்னர் பெரும் ஆடம்பரத்தோடு வரவேற்றார். கைவினைஞர்களும், பீங்கான் பாத்திரங்களும், செடி விதைகளும் கிடைத்தன. படை மட்டும் கிடைக்கவில்லை. அமெரிக்கப் போருக்குச் செய்த செலவால் பிரெஞ்சுக் கருவூலம் வெறுமையாகக் கிடந்தது. மக்கள் ரொட்டிக்கே தவித்தனர். மறு ஆண்டு ஜூலை 14ஆம் நாள் புரட்சி வெடித்தது. அயலார் போருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுச் சொந்தக் குடிகளின் பசியைத் தீர்க்க முடியாமல் போன அரசனிடமே சுல்தானின் தூதர்கள் போய் நின்றார்கள்.

இல்லத்தில் எழுந்த பகை

கடல் கடந்து நட்பைத் தேடிய அதே காலத்தில், எல்லைக்குள்ளும் எல்லையோரத்திலும் பகை பெருகிக்கொண்டிருந்தது. வரலாற்றை எழுதும்போது நம்மவர் என்பதற்காக உண்மையை மறைப்பது முறையன்று. குடகிலும் மலபாரிலும் எழுந்த கிளர்ச்சிகளைச் சுல்தான் மிகக் கடுமையாக அடக்கினார். ஆயிரக்கணக்கானோர் தம் ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டனர். கட்டாய மதமாற்றங்களும் நடந்தன. நம்பிக்கையை எவர் மீதும் திணிப்பதற்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. அரசியல் சீற்றத்தால் நடந்த அச்செயல்களுக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவதும் தகாது. மலபாரில் மாப்பிள்ளை முஸ்லிம்களும் கூட வரிச்சுமையைப் பொறாமல் அவருக்கு எதிராக எழுந்தார்கள்.

1789 டிசம்பரில் திருவிதாங்கூரின் எல்லை அரண் மீது அவர் தொடுத்த தாக்குதல் ஆங்கிலேயருக்குக் காரணம் தேடித் தந்தது. மராட்டியரும், ஹைதராபாத் நிஜாமும் ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்டார்கள். நிஜாமும் முஸ்லிமே. தூரத்துக் கலீஃபாவுக்கு மடல் எழுதிய மன்னருக்கு அடுத்த வீட்டு முஸ்லிம் அரசனோடு நிலையான இணக்கம் ஏற்படவில்லை. அதில் பிழை இருவரிடமும் இருந்தது.

பாரமகால் கைமாறியது

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அவற்றை அடுத்த திருப்பத்தூர், வாணியம்பாடிப் பகுதிகளும் அன்று பாரமகால் எனப்பட்டன. பன்னிரு மலைக்கோட்டைகளைக் கொண்ட சீமை என்பது அப்பெயரின் கருத்து. மைசூர் மேட்டு நிலத்துக்கும் தமிழ்ச் சமவெளிக்கும் இடையே வாயிற்படி போல் அமைந்த நிலம் இது.

சுல்தான் புதுச்சேரிக்கு அருகே காத்திருந்த கதையை முன்பே கண்டோம். லூயி மன்னர் அந்த வேண்டுகோளையும் மறுத்துவிட்டார். பெங்களூர் வீழ்ந்தது. ஆயினும் பாரமகாலின் கோட்டைகள் எல்லாம் எளிதில் பணிந்துவிடவில்லை. 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். அடிவாரத்து ஊர் பிடிபட்டது. மலைமேல் கோட்டையோ பிடிபடவில்லை. உச்சியிலிருந்து கற்களை உருட்டிவிட்டும் துப்பாக்கியால் சுட்டும் காவல் வீரர்கள் எதிரியைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் எந்த வெளிநாட்டுத் துணையையும் எதிர்நோக்கியவர்கள் அல்லர்.

போரில் விழாத அக்கோட்டை, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் மையினால் கைமாறியது. நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் சுல்தான் இழந்தார். பணம் செலுத்தப்படும் வரை அவருடைய பிஞ்சு மக்கள் அப்துல் காலிக், முயிஸ்ஸுத்தீன் ஆகிய இருவரும் பணயமாக ஒப்படைக்கப்பட்டனர். இரண்டாண்டுகள் கழித்தே அவர்களைத் தந்தையார் மீண்டும் கண்டார்.

பாரமகாலைப் பெற்ற ஆங்கிலேயர் செய்த முதல் வேலை கவனிக்கத் தக்கது. அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாக வந்து தருமபுரியில் தங்கியிருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்தார்கள். உழவன் ஒவ்வொருவனிடமும் பேசி வரியை நிர்ணயித்தார்கள். ரயத்துவாரி முறை அவ்வாறே பிறந்தது. அவர்கள் விதித்த வரியும் இலேசானதன்று. எனினும் நிலத்தையும் அதில் உழைப்பவனையும் அறிந்துகொள்வதே ஆட்சியின் அடிப்படை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். சுல்தானின் ஒழுங்குமுறைகளும் அதையே கூறின. ஆனால் ஓயாத போர்களுக்கு நடுவே அவற்றை முற்றாக நிறைவேற்ற அவருக்கு அவகாசம் வாய்க்கவில்லை.

இறுதி ஆண்டுகளின் எதிர்பார்ப்பு

இழந்ததை மீட்கும் எண்ணத்தில் சுல்தான் மீண்டும் வெளிநாடுகளை நாடினார். மொரீஷியஸ் தீவுக்கு இரகசியமாகத் தூதர்களை அனுப்பினார். ஆனால் அத்தீவின் பிரெஞ்சு கவர்னர் மலார்டிக், 1798 ஜனவரியில், சுல்தானுக்காகப் போரிட விரும்புவோர் முன்வரலாம் என்று பகிரங்க அறிக்கை வெளியிட்டுவிட்டார்! அதைக் கேட்டு மங்களூரில் வந்து இறங்கியவர்கள் ஏறத்தாழ நூறு பேர். அவ்வறிக்கையின் படியோ கல்கத்தாவுக்கு எட்டிப் புதிய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் கையில் போருக்கான சாக்காகிவிட்டது. உதவியை விட உபத்திரவமே முந்திக்கொண்டது.

அதே ஆண்டு ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். எகிப்து உதுமானியர் ஆட்சிக்கு உட்பட்ட முஸ்லிம் நாடு. ஆகவே கலீஃபா மூன்றாம் ஸலீம், பிரெஞ்சுக்காரரை நம்ப வேண்டாமென்றும் ஆங்கிலேயரோடு பகை கொள்ள வேண்டாமென்றும் சுல்தானுக்கு மடல் எழுதினார். நெப்போலியன் சுல்தானுக்கு எழுதிய மடலோ வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கிற்று. அவருடைய கப்பல்களை நெல்சன் முன்னரே அழித்துவிட்டிருந்தார்.

காபூலின் ஜமான் ஷாவுக்கும் தூது சென்றிருந்தது. அவர் லாகூர் வரை வந்தார். ஆங்கிலேயர் பாரசீகத்தைத் தூண்டிவிட, வீட்டில் சகோதரர் மஹ்மூதின் கலகமும் சேர்ந்துகொள்ள, 1799 தொடக்கத்தில் அவர் திரும்பிப் போய்விட்டார். பின்னாளில் அதே சகோதரரால் அரியணையையும் கண்களையும் இழந்து, ஆங்கிலேயர் ஆதரவில் லூதியானாவில் அவர் காலம் கழித்தது பரிதாபத்துக்குரிய வரலாறு. இஸ்தான்புல், பாரிஸ், காபூல் என எவ்விடத்தைப் பார்த்தாலும் அவரவர் வீட்டுத் தீயே அவரவரைக் கட்டிப் போட்டிருந்தது.

இராயக்கோட்டை வழியே வந்த முடிவு

1799 பிப்ரவரியில் தளபதி ஹாரிஸின் படை வேலூரிலிருந்து புறப்பட்டது. ஆம்பூருக்கு அருகே நிஜாமின் படை வந்து கலந்தது. ஏழாண்டுகளுக்கு முன்வரை சுல்தானுக்குச் சொந்தமாயிருந்த பாரமகாலின் ஊடாகவே அப்படை நடந்தது. அதற்கு வேண்டிய தானியத்தையும் மாடுகளையும் ரீட் இச்சீமையின் ஊர்களிலேயே திரட்டினார். இராயக்கோட்டையைத் தாண்டி மார்ச் 5ஆம் நாள் அது மைசூர் எல்லைக்குள் புகுந்தது. எந்த நிலம் வாயிற்கதவாக நின்று தலைநகரைக் காத்திருக்க வேண்டுமோ, அதே நிலம் எதிரிக்கு வழியும் உணவும் தந்தது. அரசுரிமை மாறிய மண்ணில் உழவன் வேறென்ன செய்வான்? குற்றம் அவனுடையதன்று.

மே 4ஆம் நாள் நண்பகலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் உடைந்த மதிலில் எதிரிகள் ஏறினார்கள். மதிலைக் காக்க வேண்டிய வீரர்களைச் சம்பளம் வழங்குவதாகக் கூறி அமைச்சர் மீர் சாதிக் விலக்கிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உணவருந்தத் தொடங்கியிருந்த சுல்தான் பாதியில் எழுந்து வாளேந்திச் சென்றார். சரணடைந்து உயிர் பிழைக்கும் வழி இருந்தும் அதை நாடாமல், சாதாரண வீரர்களோடு வீரராக நின்று போரிட்டு ஷஹீதானார். அன்றிரவு சடலக் குவியலினடியில் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. மறுநாள் தந்தையாரின் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டபோது இடியும் மழையும் அந்நகரை அதிர வைத்தன. அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

அழைக்காமல் வந்த உதவி

அவருடைய மக்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் அக்கோட்டையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, கொடிக்கம்பத்தில் சுல்தானின் புலிக்கொடியை ஏற்றினார்கள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர், இந்துக்களும் இருந்தனர். கிளர்ச்சி அன்றே ஒடுக்கப்பட்டதாயினும், யாரும் தூதனுப்பி அழைக்காமலேயே இந்த மண்ணின் மக்கள் அவருக்காக உயிர் கொடுத்தார்கள். பிரெஞ்சு மன்னரிடம் கேட்டுக் கிடைக்காதது வேலூரில் கேளாமலே கிடைத்தது. அதைக் காண அவர்தாம் உயிரோடு இல்லை.

ஹிஜ்ரி ஐந்தாம் ஆண்டில் மதீனாவைப் பெருங்கூட்டணி சூழ்ந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செய்ததை நினைவு கூர்வோம். அகழ் தோண்டும் யோசனை பாரசீகரான ஸல்மான் (ரலி) அவர்களிடமிருந்து வந்தது. அறிவு எந்நாட்டிலிருந்து வந்தாலும் ஏற்கலாம். ஆனால் மண்ணை வெட்டியவை மதீனத்து மக்களின் கைகளே. அண்ணலாரும் பசித்த வயிற்றோடு மண் சுமந்தார்கள். பல திசைகளிலிருந்தும் திரட்டப்பட்ட எதிரிக் கூட்டணியோ ஒருவரையொருவர் நம்பாமல் கலைந்து போயிற்று. சுல்தான் பிரெஞ்சுக் கைவினையைக் கற்றதும் மஸ்கத்துப் பட்டுப்புழுவைத் தருவித்ததும் அவ்வழிப்பட்டவை, அவை நிலைத்தன. படையை எதிர்நோக்கியது மட்டுமே வீணாயிற்று.

இன்றும் ஜும்ஆ முடிந்து பள்ளித் திண்ணையில் அமர்ந்தால், எந்த நாடு எந்த நாட்டுக்குப் படை அனுப்ப வேண்டும் என்ற பேச்சே முதலில் எழுகிறது. தூரத்தில் துன்புறும் மக்களுக்காக துஆ கேட்பதும் இயன்ற பொருளை அனுப்புவதும் நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் தருமபுரிச் சீமையில் ஃபுளூரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லில் கறை படிந்த பிள்ளைகள் நம் கண் முன்னே வளர்ந்தார்கள். பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போன தந்தையின் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டு நிற்பது நம் தெருவில்தான். மறுமையில் நம் பொறுப்பில் விடப்பட்டவர்களைப் பற்றி நம்மிடம் கேட்கப்படும்.

ஷஹீத் திப்பு சுல்தான் அவர்களின் பிழைகளை அல்லாஹ் மன்னித்து, அவர்தம் தியாகத்தை ஏற்றுக்கொள்வானாக! நம் வாசலில் நிற்கும் கடமையை இன்றே செய்து முடிக்கும் நல்லெண்ணத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.